சேற்று நாட்டில் மோட்டார் வண்டி

நகரத்தில் வாழ்வோர் தம் மோட்டார் வண்டியைக் கழுவுவது பெரும்பாலும் அதன் அழகுக்காகவே. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலோ அது வண்டியின் ஆயுளைப் பற்றிய காரியமாகும். இரத்தினபுரி நகரிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகின்றது. தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையே வளைந்து ஏறும் தோட்டப் பாதையில் ஓடிவிட்டு மாலையில் வீடு சேரும் வண்டி, தன் அடிப்பாகத்திலே ஒரு கூடைச் செம்மண்ணையும் சுமந்துகொண்டு வருகின்றது. ஈரக்காற்றிலே அந்த மண் எளிதில் உலர்வதில்லை. இரும்பும் நீரும் பிராணவாயுவும் ஒன்றுகூடினால் துரு பிறக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அம்மூன்றையும் இராப்பகலாகச் சேர்த்து வைத்திருப்பது இந்த ஈரமண்தான்.

முன்னொரு காலத்தில் தோட்டத்திலே மோட்டார் வண்டி என்றால் அது துரையின் வண்டி. அதைக் கழுவித் துடைப்பதற்கென்றே ஆள் இருந்தான். இன்று லயத்து வாசலிலும் முச்சக்கர வண்டி நிற்கின்றது, வான் நிற்கின்றது. பலருக்கு அது தவணைப் பணம் கட்டி வாங்கிய சொத்து. சிலருக்குக் குடும்பம் முழுவதற்கும் சோறு போடும் தொழில். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. இருக்கும் வண்டியைக் காப்பாற்றுவது எவ்வளவு அவசியம் என்பதை அந்த இடைக்காலம் எல்லோருக்கும் உணர்த்திவிட்டது.

வண்டி கழுவ முற்படுவோர் முதலிலே மேற்கூரைக்கு நீர் ஊற்றுவதையே காண்கிறோம். இந்நாட்டுச் சேற்றுக்கு அம்முறை பொருந்தாது. சில்லுகளையும் அவற்றின் மேலுள்ள வளைவுகளையும் அடிப்பாகத்தையுமே முதலிற் கவனித்தல் வேண்டும். வளைவின் உள்விளிம்பிலே கையை விட்டுப் பார்த்தால், வெளியே தெரியாத மண் அங்கே விரற்கடைக் கனத்துக்கு அப்பியிருக்கும். அதனை நன்றாக நனைத்து, ஊறவிட்டு, தும்புத் தூரிகையாலே தேய்த்து வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும், உட்புகும் மழைநீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் விடப்பட்டுள்ளன. அவை அடைபட்டால் கதவுக்குள்ளே நீர் தேங்கி, உள்ளிருந்தே தகடு அரிக்கப்படும். வெளியே வர்ணம் கொப்புளிக்கும்போதுதான் உரிமையாளருக்கு விஷயம் தெரியவரும்; அப்பொழுது காலம் கடந்திருக்கும். இதைத் தடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஈர்க்கு போதும்.

அடுத்தது மேற்பாகம். மாணிக்கக் கல் விளையும் இரத்தினபுரி மண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1812ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அதன்படி நீலக்கல்லின் கடினம் 9. அந்நீலத்தைத் தேடிச் சுரங்கத்தார் அரிக்கின்ற 'இல்லம்' என்னும் பரல்மண்ணிலே பளிங்குக் கற்களும் மிகுதியாக உண்டு. பளிங்கின் கடினம் 7. சாதாரணக் கண்ணாடியோ ஏறக்குறைய 5½ தான். வீதிச் சேற்றிலும் இப்பளிங்கு மணல் கலந்திருக்கின்றது. ஆகவே, காய்ந்த சேற்றைத் துணியால் துடைப்பவர் தம் வண்டியின் வர்ணத்தை அரத்தால் அராவுகிறார் என்றே சொல்லவேண்டும். காய்ந்த கண்ணாடியிலே துடைப்பானை ஓடவிடுவதும் அவ்வாறே. முதலில் நீரை மெதுவாக ஊற்றி மணலை வழியவிட வேண்டும். பின்னர் இரண்டு வாளிகள்: ஒன்றிலே வண்டி கழுவும் சவர்க்கார நீர், மற்றதிலே துணியை அலசுவதற்கு வெறும் நீர். மேலிருந்து கீழாகத் துடைத்து, சவர்க்காரம் காய்வதற்கு முன்னே அலசிவிடுதல் நன்று. பளபளப்புக்காக மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்தப் பளபளப்பு ஒரு நாளைக்குத்தான். பூசிய மெழுகு கரைவதும் இறப்பர் விளிம்புகள் கெடுவதுமே மிச்சம்.

உட்புறத்திலே பகைவன் ஈரம். நனைந்த குடை, நனைந்த செருப்பு, நனைந்த கொழுந்துச் சாக்கு எல்லாம் வண்டிக்குள் ஏறுகின்றன. காலடி விரிப்பை வெளியே எடுத்து உதறுவதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அதன் கீழுள்ள கம்பளத்தையும் தூக்கிப் பார்த்து, ஈரமிருந்தால் பழைய செய்தித்தாளை அடுக்கி உறிஞ்சவிட வேண்டும். வெயில் முகங்காட்டும் நேரத்தில் கதவுகளைத் திறந்து வைப்பதற்கு இணையான மருந்தில்லை. பூஞ்சணம் பூத்த இருக்கையைத் தட்டுமுன் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வாடை போகவில்லையெனில் அப்பச்சோடாவைத் தூவி, ஓரிரவு விட்டுத் துடைத்தெடுக்கலாம். கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் இருக்கைத் துணியிலே பால் சிந்துவதுண்டு. ஈரமாயிருக்கும்போதே குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்தாலொழிய, அது நூலோடு நூலாக இறுகிவிடும். அட்டைகளுக்கென்று வண்டிக்குள் உப்புத் தூவுவோரும் உளர். அட்டை சாகும், உண்மைதான். ஈரத்தோடு கலந்த உப்பு தரைத்தகட்டையும் அரித்துவிடும். ஒரு துண்டுக் கடதாசியால் அட்டையை எடுத்தெறிவது மேல்.

வெள்ளம் புகுந்த வண்டியின் கதை வேறு. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. அத்தகைய நீரிலே நின்ற வண்டியை இயக்கிப் பார்க்கவே கூடாது. சாவியைத் திருப்பாமல் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரத்தாலும் ஓடுகின்ற ஹைபிரிட் வண்டியாயின் அதையும் தொடாது, பயிற்சி பெற்றவரை அழைத்தலே முறை. உள்ளே படிந்த சேற்றை வெறுங்கையால் அள்ளுவது அதனினும் ஆபத்தானது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கும். கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் அது உடலுட் புகும். இந்நோய் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். இறப்பர்க் கையுறையும் நீண்ட சப்பாத்தும் அணியாமல் அவ்வேலையில் இறங்கலாகாது. பிரதேசச் சுகாதார மருத்துவ அதிகாரியின் பணிமனையில் முற்காப்பு மாத்திரை பற்றி முன்னதாகவே விசாரிக்கலாம். பின்னர் வரும் நாட்களிற் காய்ச்சலும் தலைவலியும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டால், உடனே வைத்தியசாலைக்குச் சென்று, சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லவேண்டும். பலர் இதைச் சொல்ல மறப்பதாலேதான் சிகிச்சை தாமதமாகிறது.

இறுதியாக, கழுவிய நீர் எங்கே போகிறது? தோட்டத்தில் எல்லாமே சரிவு. மேற்பாதையிலே ஊற்றப்பட்ட எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த நீர், கீழேயுள்ள ஓடையில் இறங்கி, லயத்துப் பெண்கள் குடிநீருக்குக் குடம் வைக்கும் பீலியிலே வந்து விழக்கூடும். வண்டியை ஓடைக்குள்ளேயே இறக்கிக் கழுவுவோரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆதலால் ஓடைக்கும் பீலிக்கும் எட்ட, புல் வளர்ந்த சமதரையிலே வண்டியை நிறுத்திக் கழுவுதல் வேண்டும். அங்கே மண் அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். என்ஜின் எண்ணெய் துடைத்த துணியை அந்த வாளியில் அலசாமல், தனியே கட்டி வைக்க வேண்டும்.