நீரகமும் ஊர்தியும்

நெடுவழி செல்லும் மாட்டுவண்டியின் அடியில், வைக்கோல் திணித்த சாக்கு ஒன்று தொங்குதலை இளமையில் யான் பன்முறை கண்டதுண்டு. அது காளைகள் வழியில் உண்ணுதற்குரிய உணவு. வைக்கோல் குறையின் காளை சோர்ந்துவிடும். மிகுந்தால் நெல்மூட்டைக்கு வண்டியில் இடமிராது. இக்காலத்து ஊர்திகளுக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. தன்னை இயக்கும் ஆற்றலைத் தானே சுமந்து செல்லும் கடமை ஊர்திக்கு உளது அன்றோ?

இவ்வகையில் பெட்ரோல் மிக நல்ல வைக்கோல். நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் யூனிட்டு என்றோர் அளவு காணப்படும். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 யூனிட்டு ஆற்றல் அடங்கியுள்ளது. ஆயினும், அது எரியுங்கால் வெளிப்படும் புகை நகரத்துக் காற்றை நஞ்சாக்குகின்றது. கரியமில வாயு வானிற் பெருகி உலகினை வெம்மையுறச் செய்கின்றது. ஆதலின் அறிஞர் வேறு வழி நாடினர். மின்சாரத்தை மின்கல அடுக்கில் சேமித்துக் கொண்டு செல்லுதல் ஒரு வழி. நீரகம் எனப்படும் ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு செல்லுதல் மற்றொரு வழி.

நீரகம் நிறமும் மணமும் அற்றது. காற்றினும் பதினான்கு மடங்கு இலேசானது. 1766ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு ஹென்றி காவெண்டிஷ் இதனைத் தனியே பிரித்து இதன் இயல்புகளை ஆராய்ந்தார். இஃது எரியும்போது நீர் உண்டாகின்றது. அதுபற்றியே பிரெஞ்சு அறிஞர் லவாசியே, 'நீரை ஆக்குவது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். நம்மவர் இட்ட பெயர் நீரகம். நீரை அகத்தே உடையது என மாணவர் சிலர் இதற்குப் பொருள் கூறக் கேட்டிருக்கின்றேன். அது பொருந்தாது. நீரின் அகத்தே உறைவது என்று கொள்க.

1800ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தி, அதனை நீரகமாகவும் உயிர்வளியாகவும் பிரித்துக் காட்டினர். மின்சாரத்தால் நீர் பிரியுமாயின், பிரிந்தவற்றை மீண்டும் கூட்டி மின்சாரம் பெறலாகாதோ? இவ்வினாவிற்கு 1839ஆம் ஆண்டில் விடை கண்டவர் வில்லியம் குரோவ் என்பார். அவர் அமைத்த கலத்தின் வழிவந்ததே இன்றைய எரிபொருட்கலம்.

அது தொழிற்படும் முறையைச் சிறிது காண்போம். கலத்தின் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதன் ஒருபுறம் நீரகம் புகுகின்றது. மறுபுறம் காற்று வந்தடைகின்றது. நீரக அணு, பிளாட்டினப் பூச்சினைச் சார்ந்தவுடன் எலெக்ட்ரான் வேறு, புரோட்டான் வேறு எனப் பிரிகின்றது. புரோட்டானுக்குச் சவ்வு வழிவிடும், எலெக்ட்ரானுக்கு விடாது. ஆதலின் எலெக்ட்ரான், புறத்தேயுள்ள கம்பி வழியே சுற்றிக்கொண்டு செல்ல நேர்கின்றது. அங்ஙனம் சுற்றிச் செல்லும் ஓட்டமே மின்சாரம்; ஊர்தியின் மோட்டாரைச் சுழற்றுவது அதுவே. மறுபுறத்தில் எல்லாம் உயிர்வளியோடு கூடி நீராகின்றன. தீயில்லை, புகையில்லை. ஒரு கிலோ நீரகம் ஒன்பது கிலோ நீரைத் தருகின்றது.

மின்கல அடுக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். மின்கல அடுக்கு, கட்டுச்சோறு போன்றது. உள்ளது தீரும்வரையில்தான் உதவும். எரிபொருட்கலமோ அடுப்புப் போன்றது. இடுவது உள்ளவரை எரியும், இடுவது நின்றால் அக்கணமே அவியும். 1970ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மூன்று உயிர்கள் இவ்வேறுபாட்டினைப் பொறுத்தே நின்றன. திங்களை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 என்னும் விண்கலத்திற்கு மின்சாரமும் குடிநீரும் தந்தவை மூன்று எரிபொருட்கலங்கள். புவியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், உயிர்வளித் தொட்டி ஒன்று வெடித்தது. நீரகம் இருந்தும் பயனில்லை. கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. லவெல், சுவிகர்ட்டு, ஹெய்சு ஆகிய மூவரும், திங்களில் இறங்குதற்கென இணைத்திருந்த சிறு கலத்தினுள் புகுந்தனர். அஃது இருவர் இரண்டு நாள் தங்குதற்கென அமைந்தது. மின்கல அடுக்கால் மட்டும் இயங்குவது. அக்கட்டுச்சோற்றினை ஏறக்குறைய நான்கு நாள் நீட்டித்தாக வேண்டும்! கருவிகள் பலவற்றை நிறுத்தி, வழக்கமான செலவில் ஐந்திலொரு பங்கு மின்சாரத்தில் வாழ்ந்தனர்; குளிரில் நடுங்கினர்; நாளொன்றுக்குச் சிறு குவளையளவு நீரே பருகினர். ஏப்ரல் 17ஆம் நாள் உயிருடன் கடலில் வந்து இறங்கினர்.

இனி, நீரகம் இத்துணைத் தூயதாயின், சாலையெங்கும் அதனால் ஓடும் கார்களைக் காணாதது ஏன்? ஒரு கிலோ நீரகத்தில் 33 யூனிட்டு ஆற்றல் உண்டு. பெட்ரோலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் இயல்பான நிலையில் அந்த ஒரு கிலோ, 11,000 லிட்டருக்கு மேல் இடங்கொள்ளும். ஆதலின் காற்றழுத்தத்தைப்போல் எழுநூறு மடங்கு அழுத்தி உருளைகளில் அடைக்கின்றனர். 2014ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் என்னும் கார் சுமப்பது ஏறத்தாழ 5 கிலோ நீரகம். அதனைத் தாங்கும் உருளைகளோ அதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மிக்க நிறையுடையன! வைக்கோலினும் சாக்கே பெருஞ்சுமையாகிவிட்டது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நீரகம் பெட்ரோலைப்போல் தோண்டி எடுக்குமாறு பெருகக் கிடைப்பதன்று, ஆக்கிக்கொள்ள வேண்டும். நீரைப் பிரித்து ஒரு கிலோ நீரகம் பெற 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகின்றது. அதனை அழுத்துதற்குச் சிறிது செலவு. கலத்திற் பாதி வெப்பமாய் இழப்பு. முடிவில், நூறு யூனிட்டில் முப்பதளவே சக்கரத்தைச் சேர்கின்றது. மின்கல அடுக்கிலோ எழுபதுக்கு மேலும் சேரும். அன்றியும் இன்று உலகில் ஆக்கப்படும் நீரகத்தின் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கின்றது. அவ்வாறு ஆக்குமிடத்தில் கரியமில வாயு வெளிப்படவே செய்யும். காரின் பின்னே நீராவி வருகின்றது என்று கண்டு மகிழ்வோர், ஆலையின் மேலே எழுவது யாதெனவும் நோக்குதல் வேண்டும்.

மின்கல அடுக்கும் குறையற்றதன்று. 1859ஆம் ஆண்டில் பிளாந்தே என்பார் அமைத்த ஈய மின்கலம் பெருஞ்சுமை. எனினும், 1899ஆம் ஆண்டிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதற் கடந்த கார் மின்சாரக் காரே. 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லித்தியம் மின்கலம் சுமையைப் பெரிதும் குறைத்தது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், ஒரு கிலோ மின்கலத்தில் அடங்குவது ஏறக்குறைய கால் யூனிட்டே. சிறிய கார்களுக்கு இது போதும். அத்துறையில் மின்கலமே வென்றது என்பது என் கருத்து.

நெடுந்தொலைவு செல்லும் பேரூர்திகளைப் பொறுத்தவரை வழக்கு இன்னும் முடியவில்லை. ஜெர்மனி நாட்டின் கீழ்ச்சாக்சனி மாநிலத்தில் 2018ஆம் ஆண்டு முதல் நீரக இரயில் மக்களை ஏற்றிச் சென்றது. ஆயினும் அம்மாநிலத்தாரே 2023ஆம் ஆண்டில், இனி வாங்குவன மின்கல வண்டிகளே, செலவு குறைவு என்றனர். நம் நாட்டில், சென்னைப் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நீரகத்தால் இயங்கும் பெட்டி ஒன்றைச் சோதித்துப் பார்த்தனர். அரியானா மாநிலத்தில் ஜிந்து, சோனிபத்து என்னும் ஊர்களுக்கிடையே ஓடுதற்கென உருவாக்கிய வண்டி அது.