6 மில்லி விநாடி பஸ் ஸ்டாப்

"என் பையன் மோட்டார் சைக்கிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேராகச் சென்னையிலிருந்து ஏலகிரி போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்களாம். ஐப்பசி மழையில் என்னடா செய்வாய் என்று கேட்டால், ‘வண்டியில் ஏபிஎஸ் இருக்கும்மா’ என்கிறான். அது போதுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போதாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. இருக்கிற பிடிமானத்தை வீணாக்காமல் செலவழிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை அது. பெட்டியில் காசே இல்லையென்றால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் காசு எங்கே விளைகிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

டயருக்கு அடியில் விளைகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ரோட்டின் எந்தப் புள்ளியும் அந்த உள்ளங்கைக்கு அடியில் இருப்பது வெறும் 6 மில்லி விநாடி. ரோட்டில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், டயர் நிமிடத்துக்கு 50 லிட்டரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். மூன்று குடத்துக்கு மேல்!

இதை டவுன் பஸ்ஸாக நினைத்துப் பாருங்கள். டயரின் அடிப்பகுதி ஒரு ஸ்டாப். இறங்க வேண்டிய கூட்டம் தண்ணீர், ஏறக் காத்திருக்கும் கூட்டம் ரப்பர். ரோட்டில் துருத்தி நிற்கும் ஜல்லியின் சொரசொரப்புதான் சீட்டு. டயரின் பள்ளங்கள் படிக்கட்டு. பள்ளம் தேய்ந்த டயர், பின்வாசலை அடைத்துவிட்ட பஸ். டயர் தொடும் இடத்தின் முன்பகுதியில் பெருங்கூட்டம் நெருக்கியடித்து இறங்கிவிடுகிறது. நடுப்பகுதியில் முடியைவிட மெல்லிய ஒரு நீர்ப்படலம் மட்டும் படியை விட்டு நகராமல் நிற்கிறது. அதுவும் நசுங்கி விலகிய பிறகு, கடைசிப் பகுதியில்தான் ரப்பர் ஏறித் துண்டு போட்டு உட்காருகிறது. வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிதான். வேகம் கூடினால் டிரைவர் விசிலுக்குக் காத்திருக்காமல் எடுத்துவிடுகிறார் என்று பொருள். துண்டு போட நேரமில்லாத ரப்பர் படியில் தொங்குகிறது. கண்டக்டர் யார், சில்லறை பாக்கி எங்கே என்று கேட்காதீர்கள். உவமை அவ்வளவு தூரம் ஓடாது.

ஆனால் இன்னும் ஒரு ஸ்டாப் ஓடும். கொட்டுகிற மழையைவிட முதல் தூறல் மோசம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். நூற்றுக்கு நூறு உண்மை. பல நாள் சேர்ந்த எண்ணெய்ச் சொட்டும் புழுதியும் டயர்த் தூளும் கொஞ்சம் தண்ணீரோடு சேர்ந்து கூழாகிவிடுகின்றன. தண்ணீர் சட்டென்று விலகும், கூழ் விலகாது. அரிசி மூட்டையோடு படியில் நிற்கிற ஆள் அது. 6 மில்லி விநாடியில் அவரை இறக்க முடியாது. நல்ல மழை அரை மணி பெய்தால் ரோடு கழுவப்பட்டுப் பிடிமானம் ஓரளவு திரும்பும். ரோட்டின் வெள்ளைக்கோடும் இரும்பு மூடியும் எவ்வளவு மழை பெய்தாலும் திருந்தாதவை. சொரசொரப்பே இல்லாததால் அவை சீட்டே இல்லாத பஸ்.

வரலாறும் வேண்டுமென்றால், சுருக்கமாக: ஈர ஓடுபாதையில் விமானங்கள் வழுக்கியதை ஆராய்ந்த நாசாவின் ஹோர்ன், 1963-இல் டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். போதும்.

அந்த வர்க்கமூலம் இங்கே உதவும். "மழையில் டயர் காற்றைக் குறைத்துவிடு, நல்லாப் பிடிக்கும்" என்று எல்லா கிளப்பிலும் ஓர் அண்ணன் சொல்வார். ஹோர்ன் சூத்திரத்தில் 29 பிஎஸ்ஐக்கு மிதக்கும் வேகம் சுமார் 90 கிலோமீட்டர். 20 பிஎஸ்ஐக்கு 75தான். மோட்டார் சைக்கிள் டயரின் உருண்டை வடிவம் படகின் அடிபோல நீரைக் கிழிப்பதால், நிஜத்தில் இன்னும் தாங்கும். ஆனாலும் அண்ணன் சொல்வது தலைகீழ். தயாரிப்பாளர் சொன்ன அளவே காற்று இருக்கட்டும்.

மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டரில் திரும்பத் தேவையான உராய்வு 0.3, 30 கிலோமீட்டரில் 0.7. ஈர ரோடு 0.5 கொடுக்கிறது என்று கொண்டால், அந்தப் பத்து கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் முடிந்துவிடுகிறது கதை. சாய்ந்தபடி பிரேக்கும் பிடித்தால் அதே பெட்டியிலிருந்துதான் இரண்டுக்கும் காசு போகும்.

இனி கூட்டமாக ஓட்டுவது. கிளப்காரர்கள் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் பார்வை மறையாமல் இருக்கத்தான் அது. மழையில் ஒரு லாபமும் உண்டு. லாரிகளும் பஸ்களும் எண்ணெய் சொட்டுவது தடத்தின் நடுவில். அவற்றின் சக்கரங்கள் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போவது இருபுறமும். பாதிக் கூட்டத்தை ஏற்கெனவே இறக்கிவிட்ட ஸ்டாப்புகள் அவை.

நட்டமும் உண்டு. முன்னால் போகிற ‘லீட்’ வளைவைத் தாண்டியதும் 60-க்கு முறுக்குவார். கடைசியில் வரும் ‘ஸ்வீப்’ அப்போது வளைவுக்குள் 20-இல் இருப்பார். இடைவெளி ரப்பர் பேண்டாக நீளும். எட்டிப் பிடிக்க அவர் 80-இல் விரட்டினால், அவருடைய 6 மில்லி விநாடி நாலரை ஆகிறது. முன்னால் போகிறவர் மிச்சம் பிடித்த நேரத்தைப் பின்னால் வருகிறவர் தன் டயரிலிருந்து கொடுக்கிறார். அதனால்தான் விவரம் தெரிந்த கிளப்புகள் புதியவரை லீடுக்கு நேர் பின்னால் விடுகின்றன. மழையில் இடைவெளியை இரட்டிப்பாக்குகின்றன. கொண்டை ஊசியில் ஒற்றை வரிசை. யாரும் யாரையும் விரட்டுவதில்லை, பாதை பிரியும் இடத்தில் காத்திருக்கிறார்கள்.

அதனால் அம்மா, பையனை அனுப்பலாம். மழை டயர், நானோ ஸ்ப்ரே என்று காசைக் கரைக்க வேண்டாம். டயரில் பள்ளம் மிச்சமிருக்கிறதா என்று மட்டும் நீங்களே குனிந்து பாருங்கள். முதல் தூறல் விழுந்ததும் பன்னிரண்டு பேரும் ஒரு டீக்கடையில் அரை மணி உட்காரட்டும். அதைவிட நல்ல பாதுகாப்புக் கருவி எந்த ஷோரூமிலும் கிடையாது. விலை ஒரு டீ.