பற்றறி ஏறாத லாண்ட்றோவர்: ஒல்ரனேற்றரை மாற்றுமுன்

1948ஆம் ஆண்டு அறிமுகமான பிரித்தானிய லாண்ட்றோவர், எங்கள் நாட்டின் மலைப்பாதைகளில் இன்றும் ஓடுகின்றது. அதன் அலுமினிய உடல் இலகுவில் உக்குவதில்லை. வயர்கள் அப்படியல்ல. இடம்பெயர்வினால் நீண்டகாலம் மரத்தடியில் நின்ற வாகனமாயின் எலி கடித்த வயரும் கறள் பிடித்த தொடுப்பும் நிச்சயம் இருக்கும். ஊருக்கு ஒரே வாகனம் அதுவென்றால், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வழியில் விளக்கு மங்கி பெற்றோல் எஞ்சின் நின்றுபோவது சிறிய காரியமல்ல.

இப்படி நேர்ந்ததும் "ஒல்ரனேற்றர் போய்விட்டது, புதிது போடுங்கள்" என்பார்கள். காசை எடுக்குமுன் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பெல்ற். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், பளபளப்பாக வழுக்கினால் மாற்றுங்கள்.

அடுத்து மீற்றர். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பற்றறி 12.6 வோல்ற் அளவில் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் அது 14 வோல்ற்றை அண்மிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மின் வரவில்லை. 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் பழுது; பற்றறி கொதித்து அமில மணம் வீசும்.

பலரும் கவனியாதது டாஷ்போர்ட்டிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். அந்த 2.2 வாற் பல்ப்பினூடாகச் செல்லும் சிறு மின்தான் ஒல்ரனேற்றரை எழுப்பிவிடுகிறது. பல்ப் எரிந்துபோனால் நல்ல ஒல்ரனேற்றரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக எல்.ஈ.டி. பல்ப் போட்டாலும் இந்தத் தொல்லை வரலாம்.

பிறகு ஏர்த் வயர். விளக்குகளை எரியவிட்டு, எஞ்சின் ஓடும்போது, ஒல்ரனேற்றரின் உடலுக்கும் பற்றறியின் மறை முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள். அரை வோல்ற் காட்டினாலே எங்கோ கறள் இருக்கிறது. கழற்றி, உலோகம் மின்னும்வரை சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பற்றறி வயரைக் கழற்றி "நிற்கிறதா, ஓடுகிறதா" என்று பார்ப்பார்கள். டைனமோ காலத்து வித்தை அது. ஒல்ரனேற்றரில் அப்படிச் செய்தால் உள்ளேயிருக்கும் டயோட்டுகள் எரிந்துவிடும். வாகனத்தில் வெல்டிங் செய்யும்போதும் பற்றறி வயர்களையும் ஒல்ரனேற்றர் வயர்களையும் கழற்றி வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பற்றறி ஏறவில்லையென்றால், முதலில் காபன் பிறஷ்களைப் பாருங்கள். பழைய லூக்காஸ் வகையில் அவற்றைத் தனியாக மாற்றலாம். அவையும் நல்லதென்றால்தான் முழுவதையும் மாற்ற வேண்டும்.

1971 முதல் வந்த மூன்றாம் வரிசை வண்டிகளில் ஒல்ரனேற்றரே உண்டு. அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலும் டைனமோதான். டைனமோ தருவது ஏறக்குறைய 22 அம்பியர். லூக்காஸ் 16 ஏ.சி.ஆர். ஒல்ரனேற்றர் 34 அம்பியர் தரும், எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் பற்றறியை ஏற்றும். ஆகவே பலர் மாற்றுகின்றனர். ஆனால் பழைய வண்டிகள் பலவற்றில் பற்றறியின் நேர் முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். ஒல்ரனேற்றருக்கு மறை முனைதான் உடலில் இருக்க வேண்டும். மாறித் தொடுத்தால் டயோட்டுகள் அந்தக் கணமே போய்விடும். பழைய றெகுலேற்றர் பெட்டியையும் சுற்றிலிருந்து நீக்கி, கூடிய மின்னைத் தாங்கும் தடித்த வயர் போட வேண்டும்.

கழற்றுமுன் உடலோடு சேர்ந்த பற்றறி வயரை எடுத்துவிடுங்கள். தடித்த வயரில் எப்போதும் மின் உண்டு. புதிதைப் பூட்டும்போது கப்பிகள் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முகப்பு விளக்குகளை எரியவிட்டு மீற்றரை மீண்டும் வாசியுங்கள். புதிய பெல்ற் முதல் சில நாள் ஓட்டத்தில் நெகிழும். அதன்பின் ஒருமுறை இறுக்குங்கள்.