உஷார்! மேலே பெய்கிற மழை கீழே தெரியாது

பரீட்சை முடிந்துவிட்டது. வேன் பேசியாச்சு, புளியோதரை கட்டியாச்சு, துண்டும் மாற்றுத்துணியும் பையில் ஏறிவிட்டன. மே மாதக் காலை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அருவியில் கொஞ்சமாகத்தான் தண்ணீர் விழுகிறது என்று போன வாரம் போய்வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "கொஞ்சத் தண்ணிதானே, பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்கும்" என்று கிளம்புகிறீர்கள்.

தயவுசெய்து நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். அந்த நினைப்புதான் ஆபத்து.

2024 மே 17, வெள்ளிக்கிழமை. தென்காசி மாவட்டம், பழைய குற்றாலம். சாரல் சீசன் இன்னும் தொடங்கவில்லை. மத்தியானம் தாண்டிய நேரத்தில், குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் காட்டாற்று வெள்ளம் வந்து விழுந்தது. ஜனங்கள் அலறியடித்து ஓட, பின்னாலேயே தண்ணீர் புரண்டு வருகிற அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் வீடு திரும்பவில்லை.

2008-லும் மே மாதம்தான். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துத் திருமூர்த்தி மலையில், பஞ்சலிங்க அருவியில் வந்த திடீர் வெள்ளம் 13 பேரைக் கொண்டுபோனது.

இரண்டும் பள்ளி லீவு நாட்கள். இரண்டும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தி. நாம் பயப்பட வேண்டியது ஜூலை மாதத்து அருவிக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜூலையிலும் சாவு உண்டு; 2022 ஜூலையில் குற்றாலம் பேரருவியில் வெள்ளம் வந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆனால் ஜூலையில் தண்ணீர் பார்வைக்கே பயம் காட்டும், கூடுதல் போலீஸ் நிற்கும், விசில் ஊதுவார்கள், கயிறு கட்டுவார்கள். மே மாதத்து அருவி சாதுவாக நிற்கிறது. காவலும் அதற்கேற்பத் தளர்ந்திருக்கிறது.

கோடை மழையின் குணம் வேறு. காலையில் வெயில் ஏற ஏற மலைச்சரிவு காய்கிறது. ஈரக்காற்று சூடாகி மேலேறுகிறது. மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டுகிறது. ஒரு முகட்டில் பேய்மழை, அடுத்த முகட்டில் தூறல்கூட இருக்காது. அடிவாரத்தில் சோப்பு டப்பா காய்கிற அளவுக்கு வெயில் அடிக்கும். நீங்கள் நிற்கிற இடத்து வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் பத்து லட்சம் லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் ஐந்து கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நிரப்பினால் நாலாயிரம் லாரிக்கு மேல். இது வெறும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு. மண் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும், மரம் ஒரு பங்கைத் தாங்கும். மீதியெல்லாம் பாறைச்சரிவில் வழிந்து ஓடை ஓடையாகச் சேர்ந்து ஒரே வாய்க்கு வரும். அந்த வாய்க்கு நேர் கீழேதான் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரிய ஆளைக் கவிழ்த்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு. நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை.

என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மேற்கு மலை அடிவாரத்தில் ஒரு சின்ன அருவி, பெயர் வேண்டாம். ஏப்ரல் கடைசி, பகல் ஒரு மணி இருக்கும். என் மகள் ஓடை நடுவில் ஒரு வழவழப்பான பாறையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர் ஒருவர், ஆள் காத்திருக்கும்போதே தன் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாக மேல்படியில் வைத்தார். பாயையும் சுருட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, பிள்ளைய மேல ஏத்திருங்க. தண்ணி நெறம் மாறுது" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கைகாட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்திருந்தது. அதில் இலைகள் மிதந்து வந்தன. சருகு இல்லை, பச்சை இலை. காம்போடு, சின்னக் கிளையோடு பிய்ந்து வந்த பச்சை இலை. சருகு எப்போதும் வரும். பச்சை இலை வந்தால் மேலே ஏதோ மரத்தை உலுக்குகிறது என்று அர்த்தம். புழுதியில் முதல் மழை விழுந்ததுபோல மண்வாசம் வேறு. மகளைத் தூக்கிக்கொண்டு முப்பது படி ஏறியிருப்போம். சளசளவென்று இருந்த சத்தம் அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி 'கும்'மென்று மாறியது. திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறை இல்லை. செம்மண் தண்ணீர் மட்டும்தான்.

அங்கே கம்பத்தில் ஒரு சைரன் இருந்தது. ஊதவில்லை. சுவிட்ச் இருந்த அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அன்றைக்கு நாற்பது ஐம்பது பேரைக் கரையேற்றியது அந்த எண்ணெய்க்காரப் பெரியவரின் குரல்தான்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் கத்திச் சொல்ல நினைக்கிறேன். மேலே பெய்கிறது என்று கீழே சொல்ல ஆள் யார்? நம் அருவிக்கரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையில் இருக்கிறது. குற்றாலம் பேரருவி பேரூராட்சிப் பொறுப்பில். சில கிலோமீட்டர் தள்ளி பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லையில். பெரியகுளம் கும்பக்கரை வனத்துறையிடம். குமரியில் திற்பரப்பு பேரூராட்சியிடம். அருவியின் கீழ்ப்பாதி உள்ளாட்சிக்கு என்றால் மேலே காடு வனத்துறைக்கு. மழை எச்சரிக்கை வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகிறது. கூட்டத்தை வெளியேற்றுவது போலீஸ். நாலு கை, நடுவில் ஒரு குழந்தையின் தலை.

ஊராட்சிகளை நான் குறை சொல்லவில்லை. கார் பார்க்கிங் ஏலம், கடை வாடகை, கழிவறை டெண்டர் என்று வருகிற பணத்தில்தான் விளக்கு போடுகிறார்கள், குப்பை அள்ளுகிறார்கள், உடை மாற்றும் அறை கட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குக் காசு ஒதுக்குவது சுலபம். காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் மேலே ஒரு ஆளை உட்காரவைக்கிற செலவு யார் கண்ணிலும் படாது. ஆனால் கணக்குப் பாருங்கள்: நொடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகத்தில் வருகிற வெள்ளம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய நான்கு, ஐந்து நிமிஷம் எடுக்கும். மேலே ஒரு ஆள், கையில் வாக்கிடாக்கி, கீழே வேலை செய்கிற சைரன். அந்த நான்கு நிமிஷத்தில் அருவிக்கரையையே காலி செய்துவிடலாம். மலையில் செல்போன் சிக்னலை நம்பக்கூடாது என்பதால்தான் வாக்கிடாக்கி என்கிறேன்.

2024 விபத்துக்குப் பிறகு பழைய குற்றாலத்தை வனத்துறை எடுத்துக்கொள்வதா, ஊராட்சியிடமே விடுவதா என்று பேச்சு கிளம்பியது. உள்ளூரில் எதிர்ப்பும் எழுந்தது. அந்த அருவியை நம்பிப் பிழைக்கிற கடைக்காரர், ஆட்டோக்காரர், பஜ்ஜி போடுகிற அம்மா எல்லோருடைய பயமும் எனக்குப் புரிகிறது. யாரிடம் இருந்தாலும் சரி, மேலே ஆளை வையுங்கள் என்பதுதான் என் கட்சி.

மலையேற்றப் பாதைகளில் இப்படிப் பொறுப்பு ஏற்பாடு நடந்திருக்கிறது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் 23 பேர் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. அனுமதியில்லாமல் காட்டுப்பாதையில் கால் வைக்க முடியாது, தீ பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவைக்கிறார்கள். யார் போனார்கள், எத்தனை பேர், கூட வழிகாட்டி யார் என்று பதிவு இருக்கிறது. அருவிக்கரையில் நின்று குளிக்கிறவர் எத்தனை பேர் என்று பல இடங்களில் எந்த நோட்டிலும் இல்லை.

குற்றாலத்துக்காரர்களிடம் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. பேரருவியின் முகப்பில் பாதுகாப்பு வளைவு ஒன்று கட்டியிருக்கிறார்களே, தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டினால் யாரும் உள்ளே போகக்கூடாது. சின்னப்பிள்ளைக்கும் புரிகிற அடையாளம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரருவியின் நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளம் இருக்கிறது. மேலிருந்து விழுகிற தண்ணீர் அதில் மோதி, வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தத் தாங்கல் எல்லா அருவிக்கும் கிடையாது. பேரருவியில் பழகிய தைரியத்தை வேறு அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இந்த மே மாதம் போகத்தான் போகிறீர்கள் என்றால், குளியலை மத்தியானம் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். கோடை இடிமழை பெரும்பாலும் அதற்கு மேல்தான். முந்தின ராத்திரி மலையில் பெய்திருந்தால் காலையிலும் இறங்க வேண்டாம். வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாகத் தருகிற எச்சரிக்கையைக் கிளம்பும்போது மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பை அங்கே போனபிறகும் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றிருந்தால் வேனைக் கோவில் பக்கம் திருப்புங்கள். பிள்ளைகள் அழுதால் அழட்டும்.

குடும்பத்தில் ஒருவர் குளிக்காமல் மேல்படியில் உட்காரட்டும். பெரியம்மாவோ சித்தப்பாவோ, போன் அவர் கையில், கண் தண்ணீரின் மேல். அவர் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் எல்லோரும் ஏற வேண்டும்.

அடுத்தது, யாரும் யோசிக்காத விஷயம். ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு என்று பிரித்திருக்கிற அருவியில் வெள்ளம் வந்தால் அப்பா பெண்கள் பக்கம் ஓடுவார், அம்மா பிள்ளையைத் தேடி ஆண்கள் பக்கம் ஓடுவாள். தப்பிக்க வேண்டிய நிமிஷம் தேடுவதில் போய்விடும். இறங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: "சத்தம் கேட்டா அவங்கவங்க நேரா மேல ஏறி அந்த டீக்கடை வாசல்ல நிக்கணும்." பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கடையைக் காட்டிவையுங்கள்.

ஓடை நடுப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். தண்ணீர் சுற்றி வளைத்தால் அது தீவு. ஓடை மணலில் வண்டி நிறுத்தாதீர்கள். நிறம் மாறினால், பச்சை இலை வந்தால், சத்தம் கனத்தால், தண்ணீர் திடீரென்று நின்றுபோனாலும்கூட, ஏறிவிடுங்கள். மேலே மரம் விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும்; அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். ஓடுவது பக்கவாட்டில், மேட்டைப் பார்த்து. ஓடைப்போக்கில் கீழே ஓடினால் வெள்ளம் ஜெயிக்கும். செருப்பு, செயின், செல்போன் எதற்கும் திரும்பக்கூடாது. போகும் வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனால் கடக்காதீர்கள். ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் மேலே உட்கார்ந்திருப்பவர் போனில் ஏற்றிவையுங்கள்.

அருவி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மே 1 கிராமசபை நாள்; ஊராட்சி என்றால் அங்கே எழுந்து பேசுங்கள். பேரூராட்சி என்றால் கவுன்சிலரைப் பிடியுங்கள். சைரனைக் கூட்டத்துக்கு முன்பே ஒருதரம் ஊதிக்காட்டச் சொல்லுங்கள். கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கட்டில் ஏறும் வழியைக் கடைகள் அடைத்திருந்தால் அதைப் பேசித் தீர்த்துவிடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. அருவியை மூடு என்று சொல்லும் அதிகாரம் அந்த நிமிஷத்தில் யாருக்கு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். மேலிடத்து உத்தரவுக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு நான் போகிறேன். மனு எழுதி வைத்திருக்கிறேன், முக்கால் பக்கம்தான். மேலே உட்காரப்போகிற ஆளின் பெயர், அவர் போன் நம்பர், அவர் சாப்பிடப் போனால் உட்காரப்போகிற மாற்று ஆளின் பெயர், சைரன் அறைச் சாவி எத்தனை, யார் யாரிடம். இதற்குப் பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எண்ணெய்க்காரப் பெரியவரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.