வாத்தியார் வேலை உங்களுக்கு இல்லை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "இனிமேல் நான் ஸ்கூலுக்குப் போகல, வீட்டிலேயே படிக்கிறேன்" என்கிறது. காரணம் வீட்டுக்கு வீடு வேறு. டென்னிஸ் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்பது ஒரு வீடு. வகுப்பில் கேலி தாங்கவில்லை என்பது இன்னொரு வீடு. அடிக்கடி ஊர் மாற்றும் வேலை, நீண்ட நாள் உடல்நலக் குறைவு, வெறும் சலிப்பு என்று மற்றவை. ஆனால் பெற்றோர் வாயிலிருந்து முதலில் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "எனக்கே பத்தாவது கணக்கு மறந்துபோச்சு. நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?"

இந்தப் பதிலுக்குள்தான் எல்லாரும் தடுக்கி விழும் குழி இருக்கிறது. அதைப் பிறகு நிதானமாகப் பார்ப்போம். அதற்கு முன் இரண்டு படி ஏற வேண்டும்: சட்டம் ஒன்று, சான்றிதழ் ஒன்று. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

சட்டம் சின்னப் படிதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பேசுவது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. வீட்டுக் கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு என்ன தண்டனை என்றும் அது சொல்லவில்லை. ஆறு வயதுக் குழந்தையை வீட்டிலேயே படிக்க வைப்பவர்களுக்கு இந்த மௌனம் கொஞ்சம் சங்கடம் தரும். நம் பிள்ளை 14ஐத் தாண்டிவிட்டது, ஆகவே அந்தச் சங்கடம் நமக்கு இல்லை. பள்ளியிலிருந்து டி.சி. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடைநின்ற மாணவர் பட்டியலில் பெயர் சேர்ந்து யாராவது விசாரித்தால், பிள்ளை எங்கே பதிவு செய்திருக்கிறது என்று சொன்னால் போதும்.

எங்கே பதிவு செய்வது? இங்கேதான் இரண்டாவது படி. பள்ளிக்கூடம் ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கற்றுக்கொடுப்பது. மற்றொன்று, கற்றதாகச் சான்று தருவது. இரண்டும் ஒட்டியே இருப்பதால் நாம் அவற்றை ஒரே வேலை என்று நினைத்துவிட்டோம். இவை வேறுவேறு என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. மும்பையில் வீட்டிலேயே படித்த ஒரு பெண், கணினி நிரல் எழுதும் சர்வதேச ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக மூன்று பதக்கம் வாங்கினார். ஆனால் அவரிடம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை, ஐஐடியில் சேர வழியில்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம் அவருடைய அறிவைப் பார்த்து எம்.எஸ்சி. அளவிலான படிப்பிலேயே இடம் கொடுத்தது. 2016இல் அமெரிக்காவின் எம்ஐடி அவரை எடுத்துக்கொண்டது. பதக்கம் வாங்கும் பிள்ளைகளுக்குக் கதவு எப்படியோ திறந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும்.

அதைத் தருவதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்பது முழுப் பெயர், எல்லாரும் சொல்வது என்ஐஓஎஸ். 1979இல் சிபிஎஸ்இயின் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமானது. தலைமையிடம் நொய்டா, சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு. சிபிஎஸ்இ போலவே இதுவும் தேசிய அளவிலான வாரியம். தினமும் வகுப்புக்கு வரச் சொல்லாது, அதுதான் வித்தியாசம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லையென்றால், 'இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன்' என்று தானே எழுதிக் கொடுக்கலாம். பாடங்கள் ஐந்து, அவற்றில் ஒன்றாவது மொழிப் பாடமாக இருக்க வேண்டும். விரும்பினால் இன்னும் இரண்டு சேர்க்கலாம். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலும் எழுதலாம். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் பொதுத்தேர்வு எழுத ஒன்பது வாய்ப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும், தேர்வு நடக்கும். தேறிய பாடம் கணக்கில் நிற்கும், தேறாததை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

இதற்கும் மேல் ஒரு வசதி உண்டு. பிள்ளை எந்தப் பாடத்துக்குத் தயாரோ அதை மட்டும் தேதி குறித்துத் தனியே எழுதும் 'ஆன் டிமாண்ட்' தேர்வு. ஜூலையில் ஒரு பாடம், செப்டம்பரில் ஒரு பாடம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஐந்து பரீட்சையும் ஒரே மாதத்தில் மேலே வந்து விழாது. பரீட்சைப் பயத்தால் பள்ளியை விட்ட பிள்ளைகளுக்கு என்ஐஓஎஸ் தரும் பெரிய உதவி இதுதான் என்பது என் எண்ணம். சுலபமான போர்டு என்று சிலர் சொல்லும் ஏளனத்தைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பாடம் பாடம்தான்.

பதிவு செய்யும்போது ஒரு படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். தொடர்பு வகுப்புகள், அறிவியல் செய்முறை எல்லாம் அங்கேதான். 'டிஎம்ஏ' என்று ஒரு சொல் வரும், மிரள வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து விடை எழுதிச் சமர்ப்பிக்கும் பயிற்சித் தாள்கள்தான் அவை. மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு உண்டு. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும் என்னும்போது இந்த 20ஐ விட்டுவிடுவது மடத்தனம். ஆனாலும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாடத் தேர்வில்தான் கவனம் வேண்டும். கணக்கே இல்லாமல் பத்தாம் வகுப்பை முடிக்க என்ஐஓஎஸ் அனுமதிக்கும். கணக்கைக் கண்டால் அழும் பிள்ளைக்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றும். ஆனால் சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் சேரப் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். 14 வயதில் விட்ட பாடம் 18 வயதில் இப்படிக் கதவை அடைக்கும். ஆகவே பிள்ளை பின்னால் எங்கே போகக்கூடும் என்று இரண்டு மூன்று திசைகளை யோசித்து, அந்தந்தப் படிப்பின் தகுதி விதியை முதலில் படித்துவிட்டு, பிறகு பாடத்தைத் தேர்ந்தெடுப்போம். ஜேஇஇ எழுத என்ஐஓஎஸ் பன்னிரண்டாம் வகுப்பு ஐந்து பாடங்களோடு செல்லும். நீட் விஷயத்தில் நெடுநாள் குழப்பம் இருந்தது. திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுத்த விதியை டில்லி உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது, மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் 2024இல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. இப்போது தடை இல்லை.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையானால் இன்னொரு கணக்குப் போட வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் ஆகியவை ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. நடுவில் வெளியேறினால் அந்தச் சலுகைகள் கையை விட்டுப் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்து, "அப்படியானால் பள்ளியிலேயே இருக்கட்டும்" என்று முடிவெடுத்தாலும் அதில் தவறில்லை.

என்ஐஓஎஸ் வேண்டாம் என்றால், நம் மாநில வாரியத்திலேயே தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு மட்டும் முன்கூட்டிப் பதிவு செய்து பயிற்சி எடுக்க வேண்டும். செலவு செய்ய முடிந்தவர்களுக்கு இங்கிலாந்து வாரியங்களின் தேர்வுகளும் உண்டு. அவற்றின் கட்டணத்தைக் கேட்ட பிறகு பெரும்பாலோர் என்ஐஓஎஸ்ஸுக்கே திரும்பி வருகிறார்கள்.

இனி அந்தக் குழிக்கு வருவோம். "நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?" என்ற கேள்வியில், சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. வீட்டுக் கல்வி என்றதும் நம் கண்ணில் தோன்றும் படம், கூடத்தில் ஒரு கரும்பலகை, சாக்பீஸோடு அம்மா, எதிரே ஒற்றை மாணவன். சின்னக் குழந்தை விஷயத்தில் இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது சரிவராது, தேவையும் இல்லை.

கல்யாண வீட்டில் பொறுப்பாக நிற்கும் பெரியப்பாவை நினைத்துக்கொள்வோம். அவர் சமைப்பதில்லை, நாகசுரம் வாசிப்பதில்லை, மந்திரமும் தெரியாது. ஆனால் சமையல்காரர் எத்தனை மணிக்கு வருகிறார், பால் வந்ததா, முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம், யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் நகர்ந்துவிட்டால் எல்லாரும் இருந்தும் கல்யாணம் தடுமாறும். பெற்றோரின் வேலை அதுதான்.

இதைப் பாடத்தில் வைத்துப் பார்ப்போம். கணக்குக்குத் தெருக்கோடியில் இருக்கும் எம்.எஸ்சி. மாணவர் வாரம் இரண்டு நாள் வருவார். இயற்பியலுக்கு வீடியோ பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் என்சிஇஆர்டி பாடநூல்களையும் இலவசமாகத் தரவிறக்கலாம். வரலாற்றைப் பிள்ளை தானாகவே படித்துக்கொள்ளும். என்ஐஓஎஸ் பாடநூலின் அமைப்பே அப்படித்தான். வழக்கமான பாடநூல், விளக்க ஓர் ஆசிரியர் இருப்பார் என்று நம்பி எழுதப்படுவது. இது ஆசிரியர் இல்லை என்று தெரிந்தே எழுதப்பட்டது. கொஞ்சம் விளக்கிவிட்டு நடுவிலேயே கேள்வி கேட்கும், பாட முடிவில் விடை இருக்கும். பிள்ளை தன்னைத் தானே சோதித்துக்கொண்டு நகரலாம். நீங்கள் கேட்க வேண்டியது, "இந்த வாரம் எங்கே மாட்டிக்கிட்டே?" என்பது மட்டும். பதில் வந்ததும், அதை அவிழ்க்கத் தெரிந்த ஆளைத் தேடுவது உங்கள் பொறுப்பு.

வாத்தியாராகவே ஆகிவிட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. சாப்பாட்டு நேரம் வாய்மொழித் தேர்வாக மாறிவிடும். காலையில் முக்கோணவியலில் திட்டு வாங்கிய பிள்ளை, மாலையில் தன் மனக்கஷ்டத்தை அதே ஆளிடம் வந்து சொல்லுமா? அந்த வயதில் பிள்ளைக்கு வாத்தியார்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். அப்பா அம்மாவுக்கு மாற்று ஆள் கிடையாது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. பயத்தில் காலை ஒரு ட்யூஷன், மதியம் ஒரு ட்யூஷன், மாலை ஒரு கோச்சிங் என்று நிரப்பிவிடுவார்கள். பள்ளியை விட்டதன் பலன் என்ன? விளையாட்டுப் பீரியடும் போனதுதான் மிச்சம். நாற்பது பேர் வகுப்பில் வருகைப் பதிவு, பிரேயர், வரிசை, காத்திருப்பு என்று போகும் நேரத்தைக் கழித்துவிட்டால், ஒற்றைப் பிள்ளைக்கு ஒருநாளைக்கு மூன்று மணி நேர உண்மையான படிப்பு தாராளம். பதினொன்றரைக்குப் புத்தகத்தை மூடிவிட்டான் என்று பதற வேண்டாம்.

முதல் சில வாரங்கள் மூடக்கூட மாட்டான், ஏனென்றால் திறந்திருக்கவே மாட்டான். தூக்கம், மொபைல், மறுபடி தூக்கம். அனுபவப்பட்ட வீடுகளில் இதை எதிர்பார்த்தே இருப்பார்கள். பத்து வருடம் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்த உடம்புக்குத் தன் நேரத்தைத் தானே நடத்தப் பழகக் கொஞ்ச காலம் வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலோர் பயந்துபோய் கரும்பலகை வாங்கக் கிளம்புகிறார்கள். அதற்குப் பதில் ஒரு நூலக அட்டை வாங்குங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். குளித்து, உடுத்தி, பஸ் ஏறிப் போக ஓர் இடம் இருந்தாலே நாளுக்கு ஒரு வடிவம் வந்துவிடும்.

சிநேகிதம் பற்றிச் சொந்தக்காரர்கள் நிச்சயம் கேட்பார்கள். பழைய நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், பாட்டு வகுப்பு, நீச்சல் என்று தேடினால் உண்டு. தானாக வராது, தேட வேண்டும். பள்ளியில் அது தேடாமலே கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று: 'பெற்றோர்' என்று நான் சொல்லிக்கொண்டு வந்தாலும், நடைமுறையில் இந்தப் பொறுப்பு அநேகமாக அம்மா தலையில்தான் விழுகிறது. ஏற்கெனவே வேலைக்குப் போகிறவராக இருந்தால் இரண்டு மடங்கு பாரம். யார் விண்ணப்பம் பார்ப்பது, யார் ட்யூட்டரிடம் பேசுவது, பிள்ளை பகலில் தனியாக இருக்குமா என்பதையெல்லாம் டி.சி. வாங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். "நீ பார்த்துக்கோ" என்று அப்பா எழுந்து போகும் வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

அவசரக்காரர்களுக்கு ஒரு தகவல். வீட்டில் படித்தால் ஒரே வருடத்தில் பத்தும் பன்னிரண்டும் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து தேறி இரண்டு ஆண்டு இடைவெளி விட்டால்தான் என்ஐஓஎஸ் பன்னிரண்டுக்குச் சான்றிதழ் தரும். முதல் ஆண்டு முடிவில் நான்கு பாடங்கள் வரை எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பத்து முடித்ததும் பிள்ளைக்கு மனம் மாறி, பிளஸ் ஒன்னுக்குப் பள்ளிக்கே போகிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. மதிப்பெண் பட்டியலோடு இடமாற்றச் சான்றையும் என்ஐஓஎஸ் தரும். சேர நினைக்கும் பள்ளியில் மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஐஓஎஸ்ஸின் அடுத்த ஏப்ரல் தேர்வை எழுத வேண்டுமானால் வழக்கமாக ஜூலை கடைசிக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு செப்டம்பர் பாதி வரை. அக்டோபர் தேர்வென்றால் அதற்கு முந்தைய ஜனவரி கடைசிக்குள். அந்த ஆண்டுத் தேதிகளை அவர்கள் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. அதை அச்செடுத்து, பென்சிலோடு பிள்ளையின் கையில் கொடுங்கள். முதல் டிக் அது போடட்டும்.