கழுத்தில் ஒரு சொடக்கு

மும்பையின் பாண்டுப் மேற்கில் லால் பகதூர் சாஸ்திரி சாலையை விட்டு மலைப்பக்கம் ஏறினால், கொஞ்ச தூரத்தில் சைக்கிள் போகிற வழி முடிந்துவிடும். அதற்கு மேலே படிகள்தான். எங்கள் பக்கம் இட்லி கொண்டுவருகிற அண்ணாச்சி அங்கேதான் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, அலுமினியப் பாத்திரத்தைத் தலைக்கு ஏற்றுவார். ஒரு கையில் சட்னித் தூக்கு, மறு கையில் 'பாம் பாம்' என்று அமுக்குகிற ரப்பர் ஹாரன். நான் ஒருநாள் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தேன். நிறைந்திருக்கும்போது 15 கிலோவுக்குக் குறையாது. இருபது வருடமாக அந்த ஏற்றம். அதில் பாதிக் காலம் தலைவலியும் கூடவே ஏறியிருக்கிறது.

"பிடரியில ஆரம்பிக்கும் தம்பி. அப்படியே ஏறி வந்து கண்ணுக்குப் பின்னால உக்காந்துக்கிடும். வலப்பக்கம் மட்டுந்தான். இடப்பக்கம் ஒண்ணும் கெடையாது."

அவருக்குத் தெரிந்த வைத்தியம் படிக்கட்டின் கீழே இருக்கிற சலூன். முடி வெட்டி முடிந்ததும் சலூன்காரர் ஒரு கையைத் தாடையிலும் இன்னொன்றை உச்சந்தலையிலும் வைப்பார். படக்கென்று ஒரு திருப்பு. 'டக்' என்று சத்தம் வந்தால் அண்ணாச்சிக்கு இரண்டு நாள் நிம்மதி. இப்போது மகன் போனில் வீடியோ காட்டியிருக்கிறான். வெள்ளைக் கோட்டு போட்டவர் திருப்புகிறார், அதே 'டக்', படுத்திருந்தவர் கண்ணீரோடு சிரிக்கிறார். "கைரோபிராக்டிக்காம். எலும்ப நகத்தி எடத்துல வச்சிருதாவளாம். போவலாமா?" என்று என்னிடம் கேட்டார். போகலாமா கூடாதா என்பது, அவருடைய வலி எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்தது.

கழுத்தில் கோளாறு இருந்தால் கண்ணுக்குப் பின்னால் ஏன் வலிக்க வேண்டும்? சால் எனப்படும் பழைய வரிசை வீடுகளில் இரண்டு குடித்தனத்துக்கு ஒரே அழைப்பு மணி இருக்கும். மணி அடித்தால் விருந்தாளி நம் வீட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கா என்று தெரியாது. நம் உடம்பிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. நெற்றி, கண், முகம் ஆகியவற்றின் உணர்வைச் சுமந்து வரும் முக்கிளை நரம்பும், கழுத்தின் மேல் மூன்று முள்ளெலும்புப் பகுதிகளிலிருந்து வரும் நரம்புகளும் மூளைத்தண்டின் கீழ்முனையில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு கம்பிகளும் ஒரே மணியில் போய் முடிவதால், கழுத்து மூட்டிலிருந்து வந்த சேதியை நெற்றியிலிருந்து வந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது.

நார்வே நாட்டு நரம்பியலாளர் ஓட்டார் ஷாஸ்டாட் 1983 இல் இந்த வகைக்குத் தனிப்பெயர் கொடுத்தார். தமிழில் 'கழுத்துவழித் தலைவலி' எனலாம். இது பெரும்பாலும் ஒரே பக்கம் வரும். பிடரியில் தொடங்கி முன்னால் நகரும். கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் கூடும். திருப்பும் அளவே குறைந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் நிகோலாய் போக்டுக் இன்னொரு படி போனார். இரண்டாம், மூன்றாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டின் நரம்பை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால், சிலருக்குத் தலைவலி அப்படியே அடங்கியது. கழுத்துதான் காரணம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

ஆனால் தலைவலிகளின் கூட்டத்தில் இது சிறுபான்மை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் 2,300க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். ஓராண்டுக்குள் தலைவலி வந்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 64 சதவீதம். ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் மட்டும் 25 சதவீதம், அதாவது நால்வரில் ஒருவர். மைக்ரேனின் மூலம் மூளையின் வலி உணர்வு அமைப்பிலேயே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மைக்ரேன்காரர்களில் மிகப் பலருக்கும் வலி வரும்போது கழுத்தும் பிடிக்கும். மேலே சொன்ன அதே மணிதான் இப்போது மறுபுறமிருந்து அடிக்கிறது. 'கழுத்து வலிக்குது, அதனால தலை வலிக்குது' என்று அவர்கள் முடிவு கட்டி, கழுத்தைத் திருப்புகிறவரைத் தேடிப் போகிறார்கள்.

கைரோபிராக்டிக் பிறந்த கதை கொஞ்சம் விநோதமானது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தவர் டேனியல் டேவிட் பால்மர். 1895 செப்டம்பரில், அவர் தொழில் நடத்திய கட்டடத்தைத் துப்புரவு செய்த ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் ஒரு முள்ளெலும்பை அமுக்கி நகர்த்தியதாகவும், பல ஆண்டுகளாக மந்தமாயிருந்த காது அவருக்குத் திறந்துகொண்டதாகவும் பால்மர் சொன்னார். ஒலி நரம்பு காதிலிருந்து மண்டையோட்டுக்கு உள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகெலும்பு வழியாக அது போவதே இல்லை. இதெல்லாம் அவரைத் தடுக்கவில்லை. எலும்பு விலகினால் உயிராற்றல் தடைபடும், அதுவே பெரும்பாலான நோய்க்கு வேர் என்று கொள்கை வகுத்தார். 1897 இல் பள்ளி தொடங்கினார். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906 இல் சிறைக்கும் போனார். இன்றைய கைரோபிராக்டர்களில் பலர் அந்தக் கொள்கையை ஓரமாக வைத்துவிட்டு முதுகு, கழுத்து வலியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் விடுவதாயில்லை.

நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். காலால் பிறந்தவர் நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்று நம்பி, ஊரில் அப்படி ஒருவரைத் தேடிப்போன வம்சம்தான் நாமும். நெல்லையிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியபோது அந்த நம்பிக்கையையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தோம்.

'டக்' சத்தத்துக்கு வருவோம். எலும்பு இடத்தில் போய் உட்காருகிற ஓசை என்றுதான் அண்ணாச்சி நினைக்கிறார். வீடியோக்களும் அப்படித்தான் நினைக்க வைக்கின்றன. 2015 இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கிரெக் கவ்சுக் குழுவினர் ஒருவரின் விரலை இழுத்துச் சொடக்குப் போடும் கணத்தை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படமாக்கினார்கள். மூட்டின் இரு முனைகளும் சட்டென்று பிரியும்போது நடுவிலுள்ள வழவழப்பான திரவத்தில் ஒரு வாயுக்குழி உண்டாகிறது. ஓசை எழுவதும் அந்தக் கணத்தில்தான். கழுத்தின் சிறு மூட்டுகளிலும் இதே மாதிரி நடப்பதாகக் கருதப்படுகிறது. விலகிய எலும்பு எதுவும் திரும்பி வரவில்லை. (விரலில் சொடக்குப் போட்டால் மூட்டுவாதம் வரும் என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு: டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடக்கையில் மட்டும் சொடக்குப் போட்டுவந்து, இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று அறிவித்தார். 2009 இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது.)

அப்படியானால் இரண்டு நாள் நிம்மதி எப்படி வந்தது? சட்டென்ற நீட்சிக்கு மூட்டையும் தசையையும் சுற்றியுள்ள உணர்விகள் பதில் கொடுக்கின்றன. இறுகிய தசை சற்று நேரம் தளர்கிறது. வலிச் செய்தியின் சத்தம் குறைகிறது. அண்ணாச்சிக்கு வந்த நிம்மதி பொய்யில்லை, ஆனால் மறுநாளும் அதே பாத்திரம் தலையில் ஏறுகிறது.

இனி ஆய்வுகள். ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபி பேராசிரியர் குவென் ஜல் குழு கழுத்துவழித் தலைவலி உள்ள 200 பேரைப் பிரித்துப் பார்த்தது. முடிவு 2002 இல் வெளியானது. சிலருக்குக் கையால் மூட்டை அசைக்கும் சிகிச்சை, சிலருக்குக் கழுத்தின் ஆழத்திலுள்ள தசைகளை வலுப்படுத்தும் மென்மையான பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. சிகிச்சை பெற்ற மூன்று குழுக்களுக்கும் வலி குறைந்தது. ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. இதில் என்னை நிறுத்தியது ஒன்று. வீட்டில் செய்யக்கூடிய, எந்தச் சத்தமும் எழுப்பாத பயிற்சி, கைவைத்தியத்துக்குச் சமமாக நின்றது. 2018 இல் அமெரிக்காவில் 256 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், கைரோபிராக்டிக் சிகிச்சை அதிகம் பெற்றவர்களுக்கு, திருப்பலே பெறாதவர்களைவிட மாதத்தில் தலைவலி நாட்கள் ஏறக்குறைய மூன்று குறைவாக இருந்தன. அந்தப் பலனுக்கு அவர்கள் 18 முறை போக வேண்டியிருந்தது.

மைக்ரேன் கதை வேறு. நார்வேயில் 104 பேரிடம் நடந்து 2017 இல் வெளியான சோதனையில் ஒரு குழுவுக்கு உண்மையான கழுத்து, முதுகுத் திருப்பல்; இன்னொன்றுக்குத் தோள்பட்டை ஓரத்திலும் பிட்டத்திலும் அமுக்கிவிட்டு அதையே சிகிச்சை என்று நம்ப வைத்த பாவனை; மூன்றாவது குழு வழக்கமான மருந்தோடு இருந்தது. மூன்று குழுவிலும் வலி நாட்கள் குறைந்தன. மாதங்கள் கழித்தும் உண்மைச் சிகிச்சைக்கும் பாவனைக்கும் ஒரே அளவு பலன். மைக்ரேனைக் குறைத்தது திருப்பிய திருப்பு என்பதைவிட, பெரும்பாலும் 'சரியாகும்' என்ற நம்பிக்கையின் விளைவுதான் (பிளாசிபோ) என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

பலன் இல்லாவிட்டாலும் நட்டம் என்ன என்று கேட்பவர்கள் கழுத்தின் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள், கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஊசியில் நூல் கோத்ததுபோல் ஏறுகின்றன. உச்சியிலுள்ள முதல் எலும்பைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை நாம் திருப்பும் அளவில் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடக்கிறது. குழாய் வளைகிற இடமும் அதுவே. அங்கே வேகமாக முறுக்கினால் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இது அரிது. சிகிச்சைதான் கிழிக்கிறதா என்பதிலும் தகராறு உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 2008 இல் வெளியான ஆய்வு, இத்தகைய பக்கவாதத்துக்கும் அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போனதற்கும் தொடர்பு தெரிந்ததுபோலவே, குடும்ப மருத்துவரிடம் போனதற்கும் தெரிந்ததைக் கண்டது. ஏற்கனவே கிழிந்த குழாய்தான் கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்பட்டு, அந்த வலிக்காகவே அவர்கள் போயிருக்கலாம். அமெரிக்க இதய சங்கம் 2014 இல் இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு, தொடர்பு இருக்கிறது, காரணம் உறுதியில்லை, திருப்புவதற்கு முன் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றது. என் வரையில் ஒன்டாரியோ முடிவு கவலையைக் குறைக்கவில்லை. கிழிந்த குழாயோடு வந்தவரை அடையாளம் காணத் தெரியாதவர் கையில் கழுத்தைக் கொடுப்பது இன்னும் பயங்கரம்.

சலூனில் அந்த அடையாளம் காணலுக்கே இடமில்லை. 2017 இல் டில்லிப் பக்கம் சலூனில் கழுத்தை முறுக்கவிட்ட ஒருவருக்கு மூச்சுத் தசையை இயக்கும் நரம்புகள் இரண்டுமே செயலிழந்து செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட சம்பவம் நாளிதழ்களில் வந்தது. அந்த நரம்பு கழுத்தின் மூன்று முதல் ஐந்தாம் நிலைகளிலிருந்து புறப்படுகிறது. தலையில் எண்ணெய் தேய்க்கும் சம்பியை இதோடு சேர்த்துத் திட்ட வேண்டாம். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது அதை இங்கிலாந்தின் பிரைட்டனுக்குக் கொண்டுபோய் மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே தேய்த்துவிட்டார். 'ஷாம்பூ' என்ற சொல்லுக்கும் சம்பிதான் மூலம். சம்பியோடு எழுந்துவிட்டால் ஆபத்தில்லை.

படித்தவர் என்று போர்டு மாட்டியிருந்தால்? உலக சுகாதார நிறுவனம் 2005 இல் வகுத்த வழிகாட்டுதல்படி முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும். இந்தியாவில் இதற்கெனத் தனி மன்றமோ பதிவேடோ இல்லை. ஆகவே வெளிநாட்டில் முழுசாகப் படித்தவரும், சில நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து வந்தவரும் ஒரே பெயரில் போர்டு மாட்டலாம். பிசியோதெரபிக்கு மகாராஷ்டிராவில் மாநில மன்றம் உண்டு. பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்க முடியும்.

ஆகவே அண்ணாச்சியை மாநகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் முதலில் பயப்பட வேண்டியவற்றைக் கேட்டார். இடி விழுந்ததுபோல் திடீரென வந்ததா? இதுவரை இல்லாத புதுவகை வலியா? பேச்சு குழறியதா, பார்வை இரண்டாகத் தெரிந்ததா, நடை தள்ளாடியதா? காய்ச்சலோடு கழுத்து விறைத்ததா? எதுவும் இல்லை. மாத்திரை எத்தனை என்று கேட்டபோதுதான் அண்ணாச்சி தலையைக் குனிந்தார். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை, அநேகமாகத் தினமும் ஒன்று. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிமாத்திரை போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கலாம்.

பிசியோதெரபிஸ்ட் அவரைப் படுக்க வைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைத் தூக்கி, மெல்ல இருபுறமும் திருப்பினார். இப்படிச் செய்தால் கீழ்க்கழுத்து பூட்டிக்கொள்ளும், மேல் இரண்டு எலும்புகள் மட்டும் திரும்பும். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் 40 பாகைக்கு மேல் போக வேண்டும். இடப்பக்கம் போனது. வலப்பக்கம் பாதி வழியில் நின்றுவிட்டது.

தலைச்சுமைக்கும் கழுத்துத் தேய்மானத்துக்கும் உறவு உண்டு. தலையில் சுமப்பவர்களின் கழுத்தைக் கானா நாட்டில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தவர்கள், சுமக்காதவர்களைவிடத் தேய்மானம் அதிகம் என்று கண்டார்கள். மகாராஷ்டிராவில் 1969 இலேயே சுமைத்தொழிலாளருக்கான மாத்தாடிச் சட்டம் வந்தது. மாத்தா என்றால் மராத்தியில் தலை. தெருவில் இட்லி விற்பவருக்கு அது எட்டுவதில்லை.

மூன்று மாதம் ஆகிறது. சத்தமில்லாத கைச்சிகிச்சை சில தடவை, தினம் இருமுறை தாடையை உள்ளிழுக்கும் பயிற்சி, மாத்திரைக்கு முழுக்கு. மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள் வலி ஏறித்தான் அடங்கியது. இப்போதும் வாரத்தில் ஒருநாள் வருகிறது என்கிறார். பாத்திரத்தை இரண்டாகப் பிரித்துப் படியேறுகிறார்கள். ஒன்றை மகன் கையில் தூக்கிக்கொள்கிறான், இன்னொன்று அண்ணாச்சியின் தோளில். சும்மாடுத் துண்டு இப்போது கழுத்தில் தொங்குகிறது.

போன ஞாயிறு சலூனில் அவருக்குப் பின்னால் காத்திருந்தேன். சம்பி முடிந்தது. பழக்கத்தில் சலூன்காரரின் கை தாடைக்கு வந்தது.

"கர்தன் நகோ, பையா" என்றார் அண்ணாச்சி, கழுத்து வேண்டாம் என்று. சலூன்காரர் ஒரு கணம் கையை அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, துண்டை உதறிப் போட்டு என்னைக் கூப்பிட்டார்.