சூரியசக்தி நிறுவனங்களும் அவற்றின் ஆலோசகர்களும்

சூரியசக்தித் தொழிலில் ஈடுபட்டுள்ள நிறுவனம் வங்கியிடம் கடன் கேட்கும்போதும், பங்குதாரர்களைத் தேடும்போதும், தன் விவரக் குறிப்பில் ஆலோசகர் பட்டியல் ஒன்றை இணைப்பது வழக்கம். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர், முன்னாள் வங்கி அதிகாரி, வழக்கறிஞர் எனப் பெயர்கள் வரிசையாக இடம்பெறும். படிப்பவர் பட்டங்களையும் வகித்த பதவிகளையும் கண்டு மனநிறைவு கொள்கிறார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இத்தொழிலில் தவறுகள் எவ்விடங்களில் நேர்கின்றன? அவ்விடங்களை நன்கறிந்தவர்கள் இப்பட்டியலில் இருக்கிறார்களா?

இக்கேள்விகள் நிறுவனத்தின் உரிமையாளரை மட்டும் பொறுத்தவை அல்ல. நம் நாட்டின் சூரிய மின்னுற்பத்தித் திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. இதற்கான முதலீட்டில் பெரும் பகுதி கடன். அதிலும் கணிசமான பங்கு பொதுத்துறை நிதி நிறுவனங்கள் வழங்கியது. உற்பத்தியாகும் மின்சாரத்தை வாங்குவோர் பெரும்பாலும் மாநில மின்பகிர்மானக் கழகங்கள். எனவே தவறான ஆலோசனையின் சுமை இறுதியில் பொதுமக்கள் மீதும் விழுகிறது.

தொடக்க காலம்

இந்தியாவில் இத்துறை ஆராய்ச்சிக்கூடங்களில் தோன்றியது. 1974இல் அமைக்கப்பட்ட மத்திய எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் சூரிய மின்கலத்தையும், 1978இல் சூரியத் தகட்டையும் உருவாக்கியது. 1981இல் கூடுதல் எரிசக்தி ஆதாரங்களுக்கான கமிஷனும், 1982இல் மரபுசாரா எரிசக்தித் துறையும் நிறுவப்பட்டன. அக்காலத்தில் ஆலோசகர் என்றால் இயற்பியல் அறிஞர் என்றே பொருள். மின்கலத்தின் திறனை உயர்த்துவதும் உற்பத்திச் செலவைக் குறைப்பதுமே அன்றைய பிரச்சினைகளாதலால் இது பொருத்தமாகவே இருந்தது.

1987இல் இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை தொடங்கப்பட்டபோது நிதியறிவு இத்துறைக்குள் நுழைந்தது. 2010இல் தேசிய சூரியசக்தி இயக்கம் அறிவிக்கப்பட்ட பின்னர் நிலைமை அடியோடு மாறியது. அவ்வாண்டு நடைபெற்ற முதற்கட்ட ஏலத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ரூ.10.95 முதல் ரூ.12.76 வரை விலை கோரப்பட்டது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் இவ்விலை ரூ.1.99 ஆகக் குறைந்தது. விலை பன்னிரண்டு ரூபாயாக இருந்தபோது சிறு தவறுகளைத் தாங்கிக்கொள்ள இடமிருந்தது. இரண்டு ரூபாய் அளவில் அந்த இடம் இல்லை. பல துறை வல்லுநர்களின் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

ஒளியை அளப்பவர்

முதலில் தேவைப்படுபவர் வானிலை அறிவியலறிஞர். ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் எவ்வளவு கதிரொளி விழுகிறது என்பதே திட்டத்தின் மூலதனம். இந்தியாவில் இவ்வளவீட்டுக்கு வழிவகுத்தவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்ற இவர், 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டிக் கதிர்வீச்சு அளவை நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். அந்த அளவீடுகளின் பயனாக, 1980, 1981ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றிய இரு தொகுப்புகள் வெளிவந்தன. பின்னர் 2011இல் சென்னையிலுள்ள காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் முதற்கட்டமாக 51 தானியங்கி அளவை நிலையங்களை நிறுவியது.

இவ்வளவீட்டின் பொருளாதார முக்கியத்துவத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு மெகாவாட் நிலையம், ஆண்டின் மொத்த நேரத்தில் 20 சதவீதத்துக்கு முழுத் திறனுடன் இயங்குவதற்கு ஈடாக உற்பத்தி செய்வதாகக் கொள்வோம். ஆண்டு உற்பத்தி 17.52 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ரூ.2.50 எனில் வருவாய் ரூ.43.80 லட்சம். கதிரொளி மதிப்பீடு 5 சதவீதம் மிகையாக இருந்துவிட்டால் ஆண்டுக்கு ரூ.2.19 லட்சம் குறையும். நூறு மெகாவாட் நிலையத்தில் இது ரூ.2.19 கோடி, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ரூ.55 கோடி. இதனாலேயே கடன் கொடுப்போர், சராசரி உற்பத்தியை மட்டும் நம்பாமல், பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகளிலாவது எட்டக்கூடிய குறைந்தபட்ச உற்பத்தி எவ்வளவு என்று தனியே கணக்கிடச் சொல்கின்றனர்.

கருவியும் மின்கட்டமைப்பும்

அடுத்து வருபவர் பொறியாளர். இங்கும் ஒரே வகைப் பொறியாளர் போதாது. மின்கலத்தின் தன்மையை அறிந்தவர் ஒருவர்; கடும் வெப்பத்திலும் தூசியிலும் தகடுகளின் உற்பத்தி எவ்வாறு குறைகிறது என்பதைக் களத்தில் கண்டவர் மற்றொருவர். ராஜஸ்தான் பாலைநிலத்தில் தகடுகளைத் துடைப்பதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது ஆய்வுக்கூடத்தில் எழாத கேள்வி.

மின்கட்டமைப்பை இயக்கிய அனுபவமுள்ளவர் மூன்றாமவர். சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகி மாலையில் மறைகிறது; மின்தேவையோ மாலையில் ஏறுகிறது. மின்தொடர் தயாராகாத இடத்தில் நிலையம் முடிந்தாலும் பயனில்லை. மின்கலச் சேமிப்பும் நீரேற்று மின்நிலையங்களும் முக்கியத்துவம் பெற்றுவரும் இந்நாளில், மின்சுமைப் பகிர்வு மையத்தில் பணியாற்றியவரின் ஆலோசனை விலைமதிப்பற்றது.

நிதியும் ஒப்பந்தமும்

மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரிய மின்நிலையம் இவ்வகையில் நல்ல எடுத்துக்காட்டு. 750 மெகாவாட் திறனுள்ள இத்திட்டத்துக்கு 2017 பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் முதலாண்டு விலை யூனிட்டுக்கு ரூ.2.97 ஆக அமைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நாட்டின் குறைந்தபட்ச விலை ரூ.4.34. தொழில்நுட்பத்தில் ஓராண்டில் பெரும் புரட்சி எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. தகடுகளின் விலை குறைந்தது ஒரு காரணம் எனினும், ஒப்பந்தத்தின் அமைப்பே முக்கியக் காரணம்.

மின்கட்டணம் தாமதமாகுமோ என்ற அச்சமே முதலீட்டாளர் கோரும் விலையை உயர்த்துகிறது. ரேவாவில் இவ்வச்சத்தைப் போக்க மாநில அரசின் உத்தரவாதம் உள்ளிட்ட பாதுகாப்புகள் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டன. மின்சாரத்தின் ஒரு பகுதியை, ஏறத்தாழ 24 சதவீதத்தை, டெல்லி மெட்ரோ ரயில் நிறுவனம் வாங்க முன்வந்தது. விலை ஆண்டுக்கு ஐந்து பைசா வீதம் பதினைந்து ஆண்டுகள் உயரவும் வகை செய்யப்பட்டது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் இதற்கு ஆலோசகராகச் செயற்பட்டது. நிதி, சட்டம், மின்துறை ஆகிய மூன்றையும் அறிந்தோர் ஒன்றாக அமர்ந்து இடர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தாங்கக்கூடியவரிடம் ஒப்படைத்தனர். நல்ல ஆலோசனைக்கு இலக்கணம் இதுவே.

நிலமும் மக்களும்

ஆலோசகர் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் துறை ஒன்றுண்டு. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் நிலம் தேவை. அந்நிலத்தை அறிந்தவர் வருவாய்த் துறையினரும் ஊர் மக்களுமே.

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளரின் பார்வைக்கு வந்த திட்டக் கோப்பு ஒன்றில் ஆறு ஆலோசகர்களின் பெயர்கள் இருந்தன. அனைவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்கள். நிலம் தரிசு எனப் பதிவேட்டில் இருந்ததால் மேற்கொண்டு எவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. வேலி போடச் சென்ற நாளில்தான், அந்நிலத்தின் குறுக்கே ஆடுமாடுகள் குளத்துக்குச் செல்லும் பாதை இருப்பது தெரியவந்தது. பேச்சுவார்த்தையிலும் வரைபடத் திருத்தத்திலும் ஓராண்டுக்கு மேல் கழிந்தது. ஒரு கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் விளங்கியிருக்கும்.

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்திலுள்ள பாவகடா சூரியப் பூங்காவில் வேறு வழி கடைப்பிடிக்கப்பட்டது. அடிக்கடி வறட்சிக்குள்ளாகும் அப்பகுதியில் சுமார் 13,000 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்காமல், விவசாயிகளிடமிருந்து குத்தகைக்குப் பெற்றனர். தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.21,000 என்றும், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்றும் முடிவாயிற்று. நில உரிமை விவசாயிகளிடமே நீடித்தது. எனினும் நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்குக் குத்தகைப் பணம் இல்லை. அவர்கள் நம்பியிருந்த வயல்வேலையும் குறைந்தது. விவசாயப் பொருளாதாரம் அறிந்த ஆலோசகர் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்ட வேண்டிய விளைவு இது.

சுற்றுச்சூழலும் இத்தகையதே. ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் கானமயில் பறவை மின்கம்பிகளில் மோதி இறப்பதைத் தடுக்க, கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்குமாறு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அவ்வுத்தரவை மாற்றி நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பல திட்டங்கள் நிச்சயமற்ற நிலையில் இருந்தன. பறவையியல் அறிந்தவரின் அறிக்கையைத் தொடக்கத்திலேயே பெற்றிருப்பின், பறவைக்கும் நலம், நிறுவனத்துக்கும் நலம்.

இரு வீழ்ச்சிகள்

அறிவியல் சிறந்திருந்தும் நிறுவனம் வீழக்கூடும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் சோலிண்ட்ரா நிறுவனம் சிலிக்கனைப் பயன்படுத்தாத உருளை வடிவத் தகடுகளை உருவாக்கியது. 2009இல் அந்நாட்டு அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. சிலிக்கன் விலை உயர்ந்தே இருக்கும் என்பது திட்டத்தின் அடிப்படை. 2008இல் கிலோவுக்கு 400 டாலரைத் தாண்டியிருந்த அவ்விலை, அதன்பின் வேகமாகச் சரிந்தது. 2011 செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று.

சீனாவின் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஷி ஷெங்ரோங். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீனிடம் பயின்ற அறிஞர். உலகின் மிகப் பெரிய தகடு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக உயர்ந்த அந்நிறுவனம், உயர்ந்த விலையில் நீண்டகாலச் சிலிக்கன் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. கடன் சுமையும் சேரவே, 2013இல் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்ப இயலாமல் வீழ்ந்தது. இரண்டிலும் குறை அறிவியலில் இல்லை. மூலப்பொருளின் விலை தலைகீழானால் என்ன நேரும் என்ற கணிப்பே பிழைத்தது. சாதாரணப் பண்டச் சந்தையை அறிந்த ஒருவர் அழுத்தமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பட்டம் பெறாத அறிவு

சிறு அளவிலான கருவிகளில் வேறு வகை அனுபவம் பயன்படுகிறது. 1995இல் பெங்களூரில் ஹரிஷ் ஹண்டே இணைந்து நிறுவிய செல்கோ நிறுவனம், வீட்டு விளக்குகளை விற்கத் தொடங்கியபோது எதிர்கொண்ட தடை கடன் வசதியின்மையே. கிராமிய வங்கிகளின் ஒத்துழைப்பைப் பெற்று, வாடிக்கையாளரின் வருமானம் வரும் முறைக்கேற்பத் தவணைகளை அமைத்ததால் அது வளர்ந்தது. கிராமக் கிளையில் பணியாற்றிய வங்கி மேலாளரின் அறிவு இங்கே பேராசிரியரின் அறிவுக்குக் குறைந்ததன்று.

ராஜஸ்தானின் திலோனியாவில் 1972இல் தொடங்கப்பட்ட வெறுங்கால் கல்லூரி, எழுத்தறிவு குறைந்த கிராமப் பெண்களுக்குச் சூரிய விளக்குகளை இணைக்கவும் பழுதுபார்க்கவும் பயிற்சி அளித்துவந்துள்ளது. கருவி பழுதானால் சீர்செய்ய ஊரிலேயே ஆள் உண்டா என்பதை அத்தகைய பெண்ணைவிட நன்கு சொல்லக்கூடியவர் எவர்?

பொறுப்பும் நடுநிலையும்

ஆலோசகர் வேறு, இயக்குநர் வேறு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பொதுக் கம்பெனியின் இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது சுயேச்சை இயக்குநர்களாக இருத்தல் வேண்டும். இயக்குநரின் கடமைகளைச் சட்டம் வரையறுக்கிறது. ஆலோசனைக் குழுவை அது கட்டாயமாக்கவில்லை. ஆகவே ஆலோசகரின் பெயர் பெருமை சேர்க்கிறது, பொறுப்பு சேர்வதில்லை.

அரசு அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் ஆலோசகராகும்போது மேலும் கவனம் வேண்டும். முதல் தொகுதியைச் சேர்ந்த மத்திய அரசு அதிகாரி, ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் வணிகப் பணியில் சேர அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. நேற்று ஏல நிபந்தனைகளை வகுத்தவர் இன்று ஏலதாரரின் பக்கம் அமர்ந்தால், அவர் விற்பது அனுபவமா, அறிமுகமா என்ற ஐயம் எழும். ஓய்வை நெருங்கும் வயதிலுள்ள என்னைப் போன்றோர் இவ்விதியைத் தடையாகக் கருதலாகாது. நம் சொல்லுக்கு மதிப்பு நிலைப்பதற்கான காப்பாகவே கொள்ள வேண்டும்.

முடிவுரை

எனவே ஆலோசகர் பட்டியல் ஒன்றைப் பரிசீலிக்கும் அலுவலர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஒளி, கருவி, மின்தொடர், நிதி, நிலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுள் எத்துறைக்கு ஆள் இல்லை? இருப்பவர் ஆண்டுக்கு எத்தனை முறை கலந்துகொள்கிறார், அவர் கருத்து எழுத்தில் பதிவாகிறதா? நிறுவனத்தின் வெற்றியில் அவருக்குப் பங்கு ஆதாயம் உண்டா, அது வெளிப்படுத்தப்பட்டுள்ளதா? அவர் எப்போதேனும் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறாரா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே முதன்மையானது. கதிரவன் ஒளியை எவருக்கும் கட்டணமின்றித் தருகிறான். அதை மின்சாரமாக்கும் முதலோ மக்களின் சேமிப்பு. அச்சேமிப்பைக் காக்கும் நோக்குடன் உரிய நேரத்தில் மறுத்துரைக்கும் துணிவுள்ளவரே, எத்துறையிலிருந்து வந்தவராயினும், உண்மையான ஆலோசகர்.